ஆசையா, பயமா என்று கேளுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பொது சுகாதாரத் துறைக்கும், திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள், செவிலியர்கள், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் காசிமேட்டுக்காரி. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவர். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வயது 41. என் 24ஆம் வயதிலிருந்து 35 வயது வரை எங்கள் வீட்டுச் சுவரின் சுண்ணாம்பைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. பெயர் போடவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

முதலில் வந்தது சுவர் இல்லை, ஐஸ். பையன் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதம் அது பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் ஐஸ் பாரை மெஷினில் போட்டு உடைத்து மீன் பெட்டியில் கொட்டுவார்கள் இல்லையா, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும். அம்மாவின் கூடையிலிருந்து, மீன் வாடையோடு இருக்கும் ஐஸை எடுத்துக் கழுவிவிட்டுக் கடிப்பேன். மீனுக்காகச் செய்த ஐஸ், குடிக்கும் தண்ணீரில் செய்ததில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொம்பு போகும். அதே மாதங்களில்தான் சுவர் வாசனையும் பிடித்துப்போனது. மழை பெய்து சுவர் ஈரமானால் அதன் ஓரமாகப் போய் நின்றுகொள்வேன். அப்புறம் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன்.

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். "மசக்கைன்னா அப்படித்தாம்மா, சளி பிடிக்கும், குறைச்சுக்கோ" என்றார்கள். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இந்த இரண்டும் ஒரே விஷயம், ஐஸ் ஆசையே ரத்தசோகையின் அடையாளம், என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம் என்றும் சொல்லவில்லை. கறுப்பாகப் போனதும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். நிறுத்தாத நாட்களிலும் டீயோடுதான் விழுங்கினேன். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பையன் பிறந்து மூன்று மாதம் இருக்கும். வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தார். பத்து நாளில் வர வேண்டிய போட் வரவில்லை. கடலில் காற்று என்றார்கள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கை தானாகச் சுண்ணாம்பைப் பெயர்த்து வாயில் போட்டது. இரண்டு துண்டு. விழுங்கி முடிக்கவும், "போட் வந்துடுச்சு" என்று தெருமுனையிலிருந்து குரல் வரவும் சரியாக இருந்தது.

அன்றைக்கு என் மனது ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டது. இரண்டு துண்டு விழுங்கினால் அவர் திரும்பி வருவார். விழுங்காவிட்டால் வரமாட்டார். படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். நானும் பத்தாவது படித்தவள்தான், சுவருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கடலுக்குப் போன நிமிடத்திலிருந்து அந்த எண்ணம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சமைக்கும்போது, குளிக்கும்போது, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது. இரண்டு துண்டு விழுங்கினால் கொஞ்ச நேரம் அடங்கும். உடனே, விழுங்கியது இரண்டா ஒன்றா என்று சந்தேகம் வரும். மறுபடியும் இரண்டு. அதில் ஒன்று சின்னதாக இருந்துவிட்டதோ? மறுபடியும் இரண்டு. அரிசி டிரம்முக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்துச் சுரண்டுவேன். பதினோரு வருடத்தில் அந்த இடத்தில் செங்கல் தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சுவர் எனக்கு ஆசை. அதன் வாசனை பிடித்தது, ருசி பிடித்தது. பையன் பிறந்த பிறகு அதே சுவர் பயமாகிவிட்டது. ருசி கசந்தது, தொண்டை கரகரத்தது, வயிறு கல்லாக இறுகியது, மலம் போகாமல் நாள்கணக்கில் தவித்தேன். பிடிக்காமல்தான் தின்றேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: சுவர் தின்கிற பொம்பளை.

ஐந்து வருடம் கழித்து, வயிற்று வலிக்காகப் போன இடத்தில், துணிந்து வாயைத் திறந்து சொன்னேன். எதிரில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்தவரைக் கூப்பிட்டு, "வீட்டையே தின்னுதாம் பாருங்க" என்றார். எந்த இடம், யார் என்று எழுதப் போவதில்லை, அவரைத் தண்டிக்க இந்த மடல் இல்லை. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் ஆறு வருடம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த ஆறு வருடத்தில்தான் என் பையன் என்னைப் பார்த்துச் சுவரைச் சுரண்டக் கற்றுக்கொண்டான்.

அவனைத் தூக்கிக்கொண்டுதான் பெரிய அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண். அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் சாப்பிடுவீங்களாக்கா?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை, அதட்டல் இல்லை. தலையாட்டினேன். அடுத்து அவர் கேட்டதைப் பதினோரு வருடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. "சாப்பிடணும்னு ஆசையா இருக்குமா, இல்ல சாப்பிடலன்னா பயமா இருக்குமா?"

ஐஸ் ஆசை, சுவர் பயம் என்று சொன்னேன். வருடத்தில் எப்போதாவது குறையுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தடைக்காலத்தில் குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடை இருக்கும் அந்த 61 நாளும் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். சோறும் கஞ்சியும் கடனுமாக ஓடும் மாதங்கள் அவை. ஆனாலும் அப்போது சுவரைப் பெரிதாகத் தேடமாட்டேன். ஐஸ் மட்டும் அப்போதும் வேண்டியிருக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு ரெண்டு பிரச்சினை இருக்கு. ரெண்டுக்கும் மருந்து இருக்கு" என்றார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தார்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாக இருந்தது. ஈயமும் பார்த்தார்கள், எனக்கும் பையனுக்கும். டீக்கும் மாத்திரைக்கும் நடுவே இடைவெளி விடு, எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள், மலம் கறுத்தால் பயப்படாதே என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஐஸ் ஆசை போய்விட்டது. துறைமுகத்தில் மெஷின் ஓடும் சத்தம் வெறும் சத்தமாகிவிட்டது. ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே இந்த ஆசை அடங்குவது பலருக்கும் நடப்பதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சுவர் மட்டும் போகவில்லை. இரும்புச் சத்து நிரம்பிய பிறகும், வீட்டுக்காரர் கடலில் இருக்கும் நாளில் கை சுவருக்குப் போனது. அதற்கான மருந்து மனநலப் பிரிவில் இருந்தது. எனக்கு இருப்பது ஓசிடி, அதாவது எண்ண சுழற்சி நோய், என்று அங்கேதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அது தரும் பயத்தை அடக்க ஒரு செயலைச் செய்தே ஆக வேண்டியிருக்கும், செய்தால் சற்று நேரம் நிம்மதி, பிறகு முதலிலிருந்து. சிலர் கை கழுவுகிறார்கள், சிலர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். நான் சுண்ணாம்பு விழுங்கினேன்.

ஃப்ளூயாக்ஸிடின் மாத்திரை கொடுத்தார்கள். ஓசிடிக்கு இது மெதுவாகத்தான் கேட்கும், பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், அளவும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சொல்லியிருக்காவிட்டால் மூன்றாம் வாரமே விட்டிருப்பேன். கூடவே பயிற்சி. வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது சுவரோரம் உட்கார வேண்டும், துண்டைப் பெயர்க்கக் கூடாது, போட் ஓனருக்கு போன் போட்டு "வந்துட்டாங்களா" என்றும் கேட்கக் கூடாது. பயம் வரட்டும், இருக்கட்டும், தானாக இறங்கட்டும். முதல் நாள் அது இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. உடம்பெல்லாம் வியர்த்து, அவரை நானே கொன்றுவிட்டேன் என்று அழுதேன். இரண்டாம் வாரம் இருபது நிமிடம். ஒன்றும் விழுங்காமலே ஒரு நாள் போட் வந்து சேர்ந்தது. அப்புறம் இன்னொரு முறை வந்தது. இன்றைக்கும் காற்று பலமாக அடித்தால் அந்த எண்ணம் எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகிறது.

என் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு மாத்திரை கொடுத்தாயிற்று, கேஸ் முடிந்தது என்று யாராவது அன்றைக்கு நிறுத்தியிருந்தால் நான் இன்னும் அந்தச் சுவரோரம்தான் இருந்திருப்பேன். நேராக மனநலப் பிரிவுக்கு அனுப்பி ரத்தத்தைப் பார்க்காமல் விட்டிருந்தாலும் பாதிதான் தீர்ந்திருக்கும். இரண்டையும் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

உணவில்லாத பொருளைத் தொடர்ந்து தின்பதற்கு மருத்துவத்தில் பைகா என்று பெயர். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த வயதுக்கு அது இயல்பில்லை என்றால், ஊர் வழக்கமும் இல்லை என்றால் அதைப் பைகா என்கிறார்கள். கைக்குழந்தை மண்ணை வாயில் வைப்பதும், கோயிலில் புற்று மண் ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுக்கொள்வதும் இதில் சேராது. இது நமக்குப் புதிதுமில்லை. எங்கள் பள்ளித் தமிழாசிரியை சொன்னார்: புறநானூற்றின் 20ஆம் பாட்டிலேயே, சேரனின் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்று புலவர் பாடியிருக்கிறாராம். அத்தனை காலமாகத் தெரிந்த ஒன்றை நாம் இன்னும் கேலியாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வடசென்னையில் என் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன். பச்சரிசி. அடுப்புக்கரி. சாம்பல். நெற்றியில் வைப்பதற்கு மேல் வாயில் போட்டுக்கொள்ளும் விபூதி. செங்கல் தூள். பல்பம், சாக்பீஸ். பேப்பர். தன் தலைமுடி. கற்பூரம். அந்துருண்டை. கடைசி இரண்டையும் கேட்டால் தயவுசெய்து அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். முடி வயிற்றில் பந்தாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். மண்ணோடு புழு முட்டையும் உள்ளே போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் மறுவாரமே மண் தின்கிற பிள்ளைக்கு அது எத்தனை நாள் காக்கும்?

ஈயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் நம் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், கிராதிகளில் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டாலும் சாலையோர மண்ணில் இறங்கிய ஈயம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரத்தில், தொழிற்சாலைகளின் மதில் ஓரத்தில் விளையாடும் பிள்ளைகள் நம்முடையவர்கள். இங்கே ஒரு பிள்ளை மண் தின்கிறது என்றால் அதன் ரத்தத்தில் ஈயம் பார்ப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். இந்த ஈயமே ரத்தசோகையையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். ரத்தசோகையால் மண் தின்று, மண்ணால் ரத்தசோகை கூடி, என்று செக்குமாடு மாதிரி அதே வட்டம். சில களிமண் வகைகள் சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ரத்தசோகை நமக்குப் பஞ்சமில்லாத நோய். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். இவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒளித்து எதையோ தின்கிறார்கள் என்று யாரும் கேட்பதே இல்லை.

ஓசிடியோடு இதற்குள்ள தொடர்பு பற்றி, எனக்குச் சிகிச்சை தந்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். பைகா எல்லாம் ஓசிடி என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், முடி பிடுங்கும் பழக்கத்தை ஓசிடியின் குடும்பத்தில் வைத்தார்கள், பைகாவை உணவு சார்ந்த கோளாறுகளில் வைத்தார்கள். ஆனால் என்னைப் போல, தின்னாவிட்டால் தாங்க முடியாத பதற்றமும் தின்றால் தற்காலிக நிம்மதியும் உள்ளவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளின் விவரங்களாக எழுதியிருக்கிறார்கள். ஓசிடிக்குக் கொடுக்கும் மருந்து அவர்களில் சிலருக்குக் கேட்டிருக்கிறது. இரும்புக்கும் மூளைக்கும் உறவு இருக்கிறது. டோபமைன் என்கிற வேதிப்பொருளை மூளை தயாரிக்க இரும்பு வேண்டும். அதனால் ஒரே ஆளிடம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. பேறுகாலமும் பிள்ளை பெற்ற பிறகான மாதங்களும் ஓசிடி புதிதாகத் தொடங்குவதற்கோ கூடுவதற்கோ வாய்ப்புள்ள காலம் என்றும் சொன்னார்கள். அதே மாதங்களில்தான் பெண்களுக்கு ரத்தம் குறைகிறது. அதே மாதங்களில்தான் அவர்கள் உங்கள் நிலையத்துக்கு மாதந்தவறாமல் வருகிறார்கள்.

ஓசிடி அபூர்வ நோயும் இல்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் பெரியவர்களில் 0.8% பேருக்கு அது இருந்தது. ஆயிரம் பெரியவர்கள் இருக்கும் குப்பத்தில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எதையாவது தின்பவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும் எதையோ ஒளிக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கர்ப்பிணி வரும்போது எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்க்கிறீர்கள். தாய் சேய் நல அட்டையில் எழுதுகிறீர்கள். அதோடு இந்தக் கேள்வியையும் சேருங்கள். அட்டையில் அதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள். ரத்தசோகை என்று கண்டுபிடிக்கும் எந்தப் பெண்ணிடமும், எந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் கேளுங்கள். "வேற எதாவது கெட்ட பழக்கம் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பொருளைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் எங்கள் மையத்தில் கேட்பது இப்படி: "ஐஸு, மண்ணு, சுண்ணாம்பு, பச்சரிசி, பல்பம், விபூதி... இந்த மாதிரி எதனா வாய்ல போடுறியாம்மா? நெறைய பேரு பண்றாங்க, பரவால்ல, சொல்லு." நிறையப் பேர் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் வாய் திறக்கும்.

ஆம் என்றால் அடுத்த கேள்வி, ஆசையா, பயமா. ஆசை என்றால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதை அவளுக்கும் புரியும்படி சொல்லி அனுப்புங்கள். பயம் என்றால், ரத்தத்தையும் பார்த்துவிட்டு, கூடவே மனநலப் பிரிவுக்கும் சீட்டு எழுதுங்கள். ஆசையும் பயமும் கலந்திருக்கிறது என்பவர்களும் உண்டு, நானே அப்படித்தான். எது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசமோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தைகளிடம் பைகா மற்றவர்களைவிட அதிகம். அவர்களால் வயிறு வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாமல் போகலாம். அவர்களுக்காக வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

சீட்டு எழுதும்போது ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் "கீழ்ப்பாக்கம்" என்பது வசவு. சண்டையில் வாயில் வரும் முதல் சொல்லே அதுதான். 1794இலிருந்து இயங்கும் மனநலக் காப்பகத்தின் பேர் இப்படி ஆகிப்போனது வருத்தமான விஷயம், ஆனால் உண்மை அதுதான். வெறுமனே சீட்டைக் கையில் கொடுத்தால் அதை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். நானும் ஒருமுறை கிழித்தேன். இராயபுரத்திலேயே ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காய்ச்சலுக்குப் போகிற அதே ஆஸ்பத்திரிதான், அதே மாதிரி ஓபி சீட்டுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் இலவச சேவை அது, தமிழிலும் பேசலாம். முடிந்தால் வாரத்தில் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் ஒருவர் உங்கள் நிலையத்திலேயே உட்கார ஏற்பாடு செய்யுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை என்கிறது.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசை நிற்பதைப் பார்க்கிறேன். டெங்கு வந்தால் நீங்கள்தான், வெள்ளம் வந்தால் நீங்கள்தான். இந்தக் கேள்விக்கு அரை நிமிடம் ஆகும். நான் நேரம் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் வாரா வாரம் கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் வாரத்தில் ஒரு நாள் பெண் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். அப்போது ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன். ஸ்டோர் ரூமுக்கு அரிசி அள்ள உதவிக்கு வரும் பிள்ளைகளில் யார் ஒரு கை பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்வேன். திட்டமாட்டேன். போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எல்லோரும் போன பிறகு திரும்பி வந்தாள். அவளுக்கு ஐஸ் பிடிக்கும், அரிசி பிடிக்கும். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பரீட்சைக்கு முன்னால் வகுப்புச் சுவரைச் சுரண்டி மூன்று முறை விழுங்க வேண்டும், விழுங்காவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றாள். மூன்று முறை என்று சொல்லும்போது விரலால் எண்ணிக் காட்டினாள்.

அவளுடைய அம்மாவிடம் பேசிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை இருவரும் உங்கள் நிலையங்களில் ஒன்றுக்கு வருகிறார்கள். ரத்தம் குறைவு, மயக்கம் வருகிறது என்று அம்மா சொல்வார். ஐஸைப் பற்றி அந்தப் பிள்ளையே சொல்லும். சுவரைப் பற்றி, நீங்கள் கேட்டால்தான் சொல்லும்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு சத்துணவு அமைப்பாளர்